தொட்டுவிட்டு வந்துவிடு!

"வயசுக்கு வந்த பொண்ணு, காலை இம்மாம் ஒசரம் தூக்கிக்கினு குதிக்குது. கேக்க ஆளில்லாத வூடா போச்சு!"

கூடத்திலிருந்து என் மாமியார் சொன்னது அடுப்படியில் இருந்த என் காதுக்காகத்தான். நான் கரண்டியும் கையுமாக ஓடி வந்து பார்த்தால், தூணோரம் வைத்திருந்த மோர்ச் சொம்பு உருண்டு கிடக்கிறது. நடுக் கூடத்தில் என் சின்னவள், வெள்ளை உடுப்பும் இடுப்பில் மஞ்சள் பெல்ட்டுமாக, ஒன்றும் நடக்காதவள் போல நிற்கிறாள். அவளுக்குப் பதிமூன்று வயது. எட்டாம் வகுப்பு.

அரசுப் பள்ளிப் பெண் குழந்தைகளுக்கு ராணி லட்சுமிபாய் பெயரில் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி தருகிறார்கள் அல்லவா, அதில் பிடித்த பைத்தியம் இது. மூன்று மாதம் முடிந்தும் விடவில்லை. சனி, ஞாயிறு மாலைகளில் எங்கள் உத்திரமேரூரிலேயே ஒரு மாஸ்டரிடம் கராத்தே கற்றுக்கொள்கிறாள். அதிலும் 'குமித்தே' என்கிற புள்ளிச் சண்டை என்றால் அவளுக்கு உயிர்.

எனக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஆளை அடித்து வீழ்த்துகிற விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு தப்பு என்று புரிய ஒரு போட்டியும், ஒரு மூக்கு ரத்தமும், என் மாமியாரும் தேவைப்பட்டார்கள்.

முதல் போட்டி

காஞ்சிபுரத்தில் நடந்த போட்டிக்கு நானும் பஸ் ஏறிப் போனேன். எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர் விரிப்பு. ஒருத்திக்குச் சிவப்புக் கையுறை, இன்னொருத்திக்கு நீலம். கையால் குத்தினால் 1 புள்ளி, வயிறு, மார்பு, முதுகுப் பக்கம் உதைத்தால் 2, தலை உயரத்துக்குக் கால் போனால் 3. யாராவது எட்டுப் புள்ளி முன்னால் போய்விட்டால் ஆட்டம் அதோடு முடிந்தது.

என் பெண் பாய்ந்து பாய்ந்து போனாள். ஆனால் புள்ளியெல்லாம் எதிரே நின்ற பெண்ணுக்கே விழுந்தது. மூன்று புள்ளி போனதும் இவளுக்கு ஆத்திரம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு குத்து. அந்தக் குழந்தையின் மூக்கிலிருந்து ரத்தம் வந்துவிட்டது. நடுவர் நிறுத்தி, என் பெண்ணுக்கு எச்சரிக்கை கொடுத்தார். சிறுவர் பிரிவில் முகத்தில் குத்து படவே கூடாதாம். முகத்துக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தினாலே புள்ளி உண்டாம். கடைசியில் இவள் தோற்றாள்.

அந்தப் பெண்ணின் அம்மாவிடம் போய், "மன்னிச்சுக்குங்க அக்கா" என்றேன். "விளையாட்டுதானே, பரவாயில்ல" என்றார் அவர். ஆனால் குழந்தையின் மூக்கைப் பிடித்திருந்த அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே தீர்மானமாகச் சொல்லிவிட்டேன்: "இனிமே இது வேணாம்டி. உனக்கு அடி பட்டாலும் எனக்கு ஆகாது. உன்னால இன்னொரு குழந்தைக்கு அடி பட்டாலும் ஆகாது."

மாமியார் சொன்ன கதை

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று மாமியார் ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். அவரோ பேத்தியைக் கூப்பிட்டு, "ஓங்கி அடிச்சியா? அதான் தோத்துட்ட" என்றார்.

அவருடைய அப்பா சிலம்பம் ஆடியவராம். கம்பு நுனியில் துணி சுற்றி, ஈரச் சாம்பலில் தோய்த்துக்கொண்டு ஆடுவார்களாம். எதிராளி மேல் எத்தனை சாம்பல் பொட்டு விழுகிறது என்பதுதான் கணக்கு. நெற்றிப் பொட்டைத் தொட்டுவிட்டால் ஜெயித்த மாதிரி. "எங்கப்பாரு அடிக்க மாட்டாரு. பொட்டு வெச்சுட்டு வந்துடுவாரு. வெச்சது எதிராளிக்கே தெரியாது. மண்டைய ஒடைக்கிறவனுக்குப் பேரு சிலம்பக்காரன் இல்ல, முரடன்" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். கராத்தே ஒகினாவா தீவில் வளர்ந்து, 1922-ல் ஃபுனகோஷி என்ற ஆசிரியர் மூலம் டோக்கியோவுக்கு வந்த கலை. நம் சிலம்பமோ நம் மண்ணில் பிறந்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அதையும் மேடையேற்றினார்கள். கடல் கடந்த இரண்டு கலைக்கும் விதி ஒன்றாக இருக்கிறதே! தொடு, ஆனால் உடைக்காதே.

வேகம் என்பது என்ன?

அடுத்த சனிக்கிழமை நானே மாஸ்டரிடம் போனேன். "இவ்வளவு வேகமாப் பாய்ஞ்சும் ஏன் சார் புள்ளி விழல?" என்று கேட்டேன். "அவ வேகமாப் போகலம்மா, அவசரமாப் போறா. வேகம் வேற, அவசரம் வேற" என்றவர், விளக்கமாகச் சொன்னார். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

முதலாவது, சொல்லாமல் போக வேண்டும். என் பெண் குத்துவதற்கு முன் கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்கிறாள், தோளைத் தூக்குகிறாள், மூச்சை இழுக்கிறாள். இதெல்லாம் 'நான் வரப்போகிறேன்' என்று தந்தி அடிப்பது மாதிரி. கை நின்ற இடத்திலிருந்தே கிளம்ப வேண்டும். கை முதலில், உடம்பு அதன் பின்னால்.

இரண்டாவது, தூரம். ஓர் அடி வைத்தால் எட்டும் தூரத்தில் நின்றால்தான் தாக்குதல் பலிக்கும். இவள் மூன்றடி தூரத்திலிருந்து கிளம்புகிறாள். போய்ச் சேருவதற்குள் எதிரி காபி குடித்துவிட்டு வரலாம்!

மூன்றாவது, பின்கால். வேகம் பிறப்பது கையில் அல்ல, தரையில். குதிகாலை லேசாகத் தூக்கி, முழங்காலைச் சற்றே மடக்கி, பின்காலால் தரையைத் தள்ள வேண்டும். உடம்பை இறுக்கி வைத்தால் வேகம் வராது. தொடும் கணத்தில் மட்டும் இறுக்கம், மற்ற நேரமெல்லாம் தளர்வு.

நான்காவது, திரும்பி வருவது. புள்ளி கிடைத்துவிட்டது என்று அங்கேயே நின்றால் எதிரி திருப்பி வைத்துவிடுவாள். தொட்ட கையோடு விலகி, கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். இந்த விழிப்பு இல்லாவிட்டால் நடுவர் புள்ளியே தர மாட்டார்.

இவற்றோடு மூன்று தாக்குதல்கள் பழகினால் போதுமாம். முன்கையால் சட்டென்று முகத்தை நோக்கி ஒன்று. முன்கை முகத்துக்குப் போய் எதிரி கையைத் தூக்கியதும், பின்கையால் வயிற்றுக்கு ஒன்று. மூன்றாவது பொறுமைசாலிகளுக்கு: அவள் பாய்ந்து வரும் அந்த நொடியிலேயே நாம் உள்ளே புகுந்து தொடுவது.

வீட்டில் ஒரு ஸ்கேல் விளையாட்டு

'சொல்லாமல் போ' என்பதற்குக் காரணம் இருக்கிறது. 30 செ.மீ. ஸ்கேல் ஒன்றை மேல் நுனியில் பிடித்துத் தொங்கவிடுங்கள். குழந்தை தன் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் கீழ் நுனியில், பூஜ்யத்துக்கு நேராக, படாமல் வைக்கட்டும். சொல்லாமல் விட்டுவிடுங்கள். எத்தனை செ.மீ.யில் பிடிக்கிறாள் என்று பாருங்கள். 20 செ.மீ. என்றால் கண் பார்த்துக் கை அசைய நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகியிருக்கிறது. பெரும்பாலோருக்கு அவ்வளவு ஆகும். நல்ல முன்கைக் குத்து கிட்டத்தட்ட அந்த நேரத்துக்குள் வந்து சேர்ந்துவிடும். முன்கூட்டியே தெரிந்தால்தான் தடுக்க முடியும்.

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இது தினமும் நடக்கிறது. நான் 24. என் கணவர் 26. சின்னவள் 17!

ஜெயித்தும் தோற்றவர்

டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்டில், ஆண்கள் இறுதிப் போட்டி ஒன்றில் சவூதி வீரர் தாரெக் ஹமெதி 4-1 என்று முன்னால் இருந்தார். அவருடைய கால் ஈரான் வீரர் சஜ்ஜாத் கஞ்சாதேயின் கழுத்துப் பக்கம் பலமாகப் பட்டு, அவர் நினைவிழந்து விழுந்தார். தங்கம் யாருக்கு? விழுந்தவருக்கு! கட்டுப்பாடு இல்லாமல் தாக்கியதற்காக ஹமெதி தகுதி இழந்தார். அதே ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஃபெரியால் அப்தெல் அஜீஸ், ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதல் எகிப்தியப் பெண். அவரைப் பற்றிச் சொன்னதும் என் மாமியார், "நம்ம ஊர்ல எப்ப?" என்று கேட்டார்.

இன்னொன்று. 1957-ல் ஜப்பானில் நடந்த பெரிய போட்டிக்குச் சில நாள் முன்பு கனசாவா என்பவருக்குக் கை எலும்பு முறிந்துவிட்டது. பார்க்க வந்த தாயார், கராத்தேக்கு ஒரு கை மட்டும்தானா என்று கேட்டாராம். அவரும் ஆடி ஜெயித்துவிட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானாக இருந்தால் கட்டு அவிழ்க்கும் வரை வாசற்படி தாண்ட விடமாட்டேன்!

தாய்மார்கள் கவனிக்க

பல் காப்பு, கையுறை, கால் காப்பு, பெண் குழந்தைக்கு மார்புக் காப்பு இல்லாமல் மோத விடாதீர்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கம்மல், வளையலைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

விரல் பிசகி வீங்கினால் உடனே எண்ணெய் போட்டு நீவி விடுவது நம் வழக்கம். அது தப்பு. துணியில் சுற்றிய ஐஸை 10, 15 நிமிடம் வையுங்கள். வீக்கமோ வலியோ குறையாவிட்டால் எக்ஸ்ரே பாருங்கள்.

தலையில் அடிபட்டால் அன்று அதோடு ஆட்டம் முடிந்தது. வாந்தி, குழப்பம், தூங்கித் தூங்கி விழுதல், கூடிக்கொண்டே போகும் தலைவலி இருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நிரந்தரப் பல் விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போங்கள். மறுபடி பொருத்த வாய்ப்புண்டு.

மாதவிலக்கு நாட்களில் வலி அதிகமில்லையென்றால் பயிற்சி செய்யலாம். அவள் உடம்பு சொல்வதைக் கேளுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள்ளுருண்டை, வேர்க்கடலை கொடுங்கள். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம்.

ஒரு விஷயத்தை மாஸ்டர் ஒளிக்காமல் சொன்னார். தெருவில் நடுவர் இல்லை, புள்ளியும் இல்லை. அங்கே ஜெயிப்பது என்றால் வீட்டுக்குப் பத்திரமாக வந்து சேருவது. தள்ளி நில், கத்து, வேறு வழியில்லாவிட்டால் மட்டும் கை வை, உடனே ஓடு. ஓடுவது அவமானம் அல்ல என்று பெண் குழந்தைக்கு நாம்தான் சொல்ல வேண்டும். 1098, 181 இரண்டு எண்களும் அவளுக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

ஆறு மாதம் கழித்து மறுபடி போட்டி. முதல் சுற்றில் ஜெயித்து, இரண்டாம் சுற்றில் தோற்றாள். ஆனால் ஓர் எச்சரிக்கை கூட வாங்கவில்லை. எதிரே ஆடிய இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டே கை கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கு அது போதும்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக்கூட இல்லை. திண்ணையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்:

"எத்தினி பொட்டு வெச்சே?"