படிப்படியாக முடிக்கும் வீடு

நம் ஊர்களில் லிண்டல் மட்டத்தோடு நின்றுவிட்ட வீடுகளைக் காணாதவர் இரார். சுவரின் உச்சியில் புல் முளைத்து, உள்ளே ஆடுகள் படுத்திருக்கும். இவற்றுள் பல, கையிருப்புக்கு மீறித் திட்டமிட்டவர்கள் தொடங்கியவை. தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டில் அறிவித்த கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயும், 360 சதுர அடிப் பரப்பும் வகுக்கப்பட்டன. ஆயினும் 600 சதுர அடிக்குக் கடைக்கால் தோண்டிவிட்டுப் பாதியில் நகையை அடகு வைக்கும் குடும்பங்களை நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம்.

கடன் வாங்கியேனும் புதுமனை புகுவிழாவுக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்னும் எண்ணமே பெருஞ்செலவுக்குக் காரணம். நூற்றுக்கு 2 ரூபாய் மாத வட்டியில் 2 இலட்சம் ரூபாய் வாங்கினால் மாதம் 4,000, ஆண்டுக்கு 48,000 ரூபாய் வட்டியாகவே போகிறது. அந்தக் கடன் தரைக்கு ஓடு பதிப்பதற்கும் வண்ணம் பூசுவதற்கும் வாங்கியதாயின், ஓடும் வண்ணமும் இரு அறுவடை பொறுத்திருக்கக் கூடியவை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சுற்றத்தார் என்ன சொல்வர் என்று அஞ்சுவோர், அந்த வட்டியைச் சுற்றத்தார் கட்டப்போவதில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

ஆனால், எல்லாவற்றையும் ஒத்திவைத்தல் இயலாது. கடைக்கால், பெல்ட் கான்கிரீட், லிண்டல், கூரை ஆகிய நான்கும் ஒரே மூச்சில் முடிய வேண்டியவை. பின்னர் மாடி எழுப்பும் எண்ணமிருந்தால் அந்தச் சுமைக்கேற்ற கடைக்காலை இன்றே போட வேண்டும். வீட்டின்கீழ்ப் போய் அதை வலுப்படுத்துவது அரிது, செலவோ பன்மடங்கு. விருதுநகர், தூத்துக்குடிப் பகுதிகளிலுள்ள கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்குவதால், அங்கே மேலாகப் போட்ட கடைக்காலின்மேல் எழும் சுவர் வெடிக்கும். அங்கு வீடு கட்டுவோர் ஒன்றியப் பொறியாளரிடம் கேட்டபின்பே தோண்டுக. கழிப்பறையையும் பிறகு பார்ப்போம் என்று விடலாகாது.

கூரை போடும் நாளில் மறக்கப்படுபவை மின்குழாய்களும் மின்விசிறிக் கொக்கிகளுமாம். மின்சாரம் அடுத்த ஆண்டு வரினும், இவற்றைக் கான்கிரீட் ஊற்றுமுன்பே வைத்துவிட வேண்டும். சில நூறு ரூபாயில் முடியும் வேலையைப் பின்னர் கூரையைக் குடைந்து செய்தால் ஒழுக்கும் உடன் வரும். பதினைந்தடிக்கு உட்பட்ட சாதாரணக் கூரையாயினும் முட்டுகளை ஏழு நாளைக்கு முன் எடுத்தல் கூடாது; உத்திரங்களுக்குப் பதினான்கு நாளேனும் வேண்டும். சென்ட்ரிங் வாடகையை மிச்சம்பிடிக்க அவசரப்படுவது சிக்கனமாகாது. தண்ணீர் கட்டி நிறுத்துவதையும் இரண்டு வாரம் விடாமற் செய்க.

இனி ஒத்திவைக்கத் தக்கவை. உட்பூச்சை முடித்துக்கொண்டு வெளிப்பூச்சை நிறுத்தி வைக்கலாம். நன்கு வெந்த செங்கல்லாயின், இணைப்புகளைச் சாந்தால் அழுத்தி அடைத்தாலே பல ஆண்டுகள் நிற்கும். கேரளத்தில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பூசாத செங்கற் சுவர்களாலேயே எத்தனையோ வீடுகளைக் கட்டினார். கல் மட்டமாயின் இவ்வழி உதவாது. மழையடிக்கும் பக்கத்தையாவது முதலிற் பூசிவிடுக. வடகிழக்குப் பருவமழையே மிகுதியாகப் பெறும் ஊர்களில் அது வடக்கும் கிழக்கும். தென்காசி போன்ற இடங்களில் மேற்கையும் கவனித்தல் வேண்டும்.

தரைக்குச் சிமெண்டுப் பூச்சே இப்போதைக்குப் போதும். ஆனால் ஓடு பதிக்கும் நாளில் தரை ஏறத்தாழ இரண்டு அங்குலம் உயரும். அந்த அளவை நிலைகளிலும் வாயிற்படியிலும் முன்கூட்டியே விட்டு வைக்காதவர், பிறகு கதவுகளின் அடியை அறுக்க நேரும். உட்கதவுகள், அலமாரிக் கதவுகள், வண்ணம், மதில் யாவும் காத்திருக்கும். வாசற்கதவும் சன்னற் கம்பிகளும் காத்திரா.

பின்னர் ஓர் அறை சேர்க்க எண்ணினால், சுவரின் ஓரத்தைச் செங்குத்தாக முடிக்காமல் படிபடியாக விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். புதுச் சுவர் பழையதைப் பற்றிக்கொள்ளும். மாடித் தூணுக்காக நீட்டி விட்ட கம்பிகளை மழையில் துருவேற விடுவது நாடெங்கும் காணும் காட்சி. அவற்றைச் சுற்றி வலுக்குறைந்த கான்கிரீட்டால் மூடிவிட்டால், மாடி கட்டும்போது உடைத்தெடுத்துக் கொள்ளலாம். 12 மில்லிமீட்டர் கம்பியாயின் இரண்டடி நீளமேனும் நீட்டி விடுக.

விலை ஏறும் என்று சிமெண்டை மொத்தமாக வாங்கிக் குவிப்பதும் வீண். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட மூட்டை வலுவிழக்கத் தொடங்கும். கட்டி பட்டதைக் கூரைக்குப் பயன்படுத்தவே கூடாது. செங்கல்லையும் மரத்தையும் கையில் பணம் வரும்போது வாங்கி வைக்கலாம். மரம் காய்ந்து நிலைப்பதற்கு அந்தக் காத்திருப்பு நன்மையே.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அளவுக் கயிறு கட்டும் நாளன்று நேரில் சென்று, அந்தக் குடும்பம் கூரை வரை செல்லக் கையிருப்பு வைத்திருக்கிறதா என்று வீட்டுப் பெண்களையும் சேர்த்துக் கேளுங்கள். போதாதெனில் ஓர் அறையை அன்றே குறைத்து, அது பின்னர் எழும் இடத்தை வரைபடத்தில் குறித்து வைக்கலாம். தை அறுவடைப் பணத்தில் கடைக்கால் தோண்டினால், ஐப்பசி மழைக்கு முன் கூரை போட்டுக் குடியேறிவிடலாம்.