உஷ்ண தேசத்து முயல்

உலகெங்கும் இன்று கூண்டுகளில் வளரும் முயல்கள் யாவும், ஸ்பெயின், போர்ச்சுகல் முதலான பிரதேசங்களில் வளை தோண்டி வாழ்ந்த காட்டு முயலின் சந்ததிகளே. வெயில் ஏறியதும் பூமிக்குள் புகுந்துகொள்ளும் சௌகரியம் அதற்கு இருந்தபடியாலோ என்னவோ, வியர்த்துச் சரீரத்தைக் குளிர்வித்துக்கொள்ளும் சக்தியை இயற்கை அதற்கு அநேகமாக அளிக்கவேயில்லை. நீண்ட காதுகளின் இரத்தக் குழாய்கள் வழியாகவும், விரைந்த சுவாசத்தின் வழியாகவும் வெளியேற்றக்கூடிய உஷ்ணமே அதற்குக் கதி. மனிதன் அதைக் கம்பிக் கூண்டில் ஏற்றியபோது வளை போயிற்று. வளையை நம்பிய சுபாவம் போகவில்லை.

சுமார் 15 முதல் 25 டிகிரி செல்ஸியஸ் வரை சுகமாக இருக்கும் முயல், 30 டிகிரியைத் தாண்டினால் தீனியைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே குட்டிகளின் வளர்ச்சி மந்தமாகிறது. 35 டிகிரிக்கு மேல் உயிருக்கே அபாயம். ஆண் முயலுக்கு நேரும் கேடு உடனே கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கோடையில் கெட்ட விந்தின் வீரியம், மழை பெய்து காற்றுக் குளிர்ந்த பின்னும் சில வாரங்கள் வரை சீராவதில்லை. சினை பிடிக்காததற்குப் பெண் முயலின் மீது பழி சுமத்துகிறவர்களே அதிகம்.

அமெரிக்காவில் டெக்ஸாஸின் தென்பகுதியிலுள்ள கிங்ஸ்வில் என்னும் உஷ்ணமான ஊரில், பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீவன் லூக்ஃபார் செய்த காரியம் இவ்விஷயத்தில் கவனிக்கத்தக்கது. பல இனங்களைக் கலந்து, நிறத்தையோ காதின் அழகையோ பொருட்படுத்தாமல், அவ்வூர் வெக்கையில் நன்றாக வளர்ந்து குட்டி போட்டவற்றையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி, அப்பல்கலைக்கழகத்தின் பெயரால் 'டாமுக்' என்று வழங்கும் மாமிச முயலை அவர் உருவாக்கினார். உஷ்ணம் தாங்கும் குணம் வம்சப் பெயரில் இல்லை, வாழ்ந்த இடத்தில் இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம். விற்கிறவர்களோ தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள்.

நம் நாட்டில் ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா முதலிய இனங்களை ஆராய்ந்து வளர்க்கும் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையம், கொடைக்கானல் மலையின் குளிரில் இருக்கிறது. அங்கே கொழுத்த முயல் மதுரையின் சித்திரை வெயிலிலும் அவ்வாறே கொழுக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. சமவெளியில் கீற்றுக் கொட்டகையும், தாராளமான காற்றோட்டமும், எந்நேரமும் குளிர்ந்த குடிநீரும் இன்றியமையாதவை. வேலிமசால், அகத்தி போன்ற பசுந்தழையையும் அடர்தீவனத்தையும் பெரும்பகுதி மாலையிலும் இரவிலுமே வைக்கவேண்டும். இணை சேர்ப்பதை அதிகாலைக்கு மாற்றிக்கொள்வது நலம்.

செல்லமாக வளர்க்க விரும்புகிறவர்கள், மயிர் அடர்ந்த அங்கோராவின் அழகில் மயங்கவேண்டாம்; குலு போன்ற குளிர்ப் பள்ளத்தாக்குகளுக்கு உரிய அதைச் சென்னையின் மாடி அறையில் அடைப்பது ஜீவஹிம்சை. மயிர் குட்டையான, காது நிமிர்ந்த முயலே இங்கு ஏற்றது. மாமிசத்துக்கானாலும் சரி, செல்லத்துக்கானாலும் சரி, முயல் வாங்கப் போகிறவர்கள் இனத்தின் பெயரைக் கேட்பதற்கு முன், தாய் தந்தை முயல்கள் சென்ற கோடையை எங்கே கழித்தன என்று கேளுங்கள்.