‘காஞ்சிவரம்’ திரைப்படத்தில் மறைபொருளும் அவல முரணும்

பிரியதர்சன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ 2007ஆம் ஆண்டிற்கான தேசிய விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வு பெற்றது. மகள் மணத்திற்குப் பட்டுச்சேலை தருவதாக வாக்களித்த நெசவாளி வேங்கடம், முதலாளியின் பட்டிழையை வாயில் ஒளித்துக் கொணர்ந்து இரவில் மறைவாக நெய்கிறான். கூலி உயர்வுக்கு நெசவாளரைத் திரட்டுவதும் அதே வாய்தான். வேலைநிறுத்தத்தால் இழைவரவு நிற்கவே, தோழர்களைத் தறிக்குத் திரும்பச் சொல்கிறான். காரணத்தை உரைக்க இயலவில்லை.

தொல்காப்பியம் அழுகைக்குரியனவாகக் கூறும் இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கும் இக்கதையில் அமைந்துள்ளன. களவு வெளிப்படுதல் இளிவு. மனைவியின் இறப்பு இழவு. மகள் முடங்குதல் அசைவு. வறுமையோ கதை முழுவதும் பரவி நிற்கிறது.

இறுதியில், முற்றுப்பெறாத அச்சேலை மகளின் உடலை முழுதும் போர்த்தப் போதவில்லை. மணத்திற்கு நெய்தது பிணத்திற்கும் போதாத இம்முரண், நெய்தவனுக்கு நெய்ததை உரிமையாக்காத உற்பத்தி முறையே அவலத்தின் தோற்றுவாய் எனப் புலப்படுத்துகிறது.