வால் இல்லாத ஆறு

பழைய டிஜிட்டல் கவுன்டர்களில் 6 தலை மொட்டையாகத் தெரியும், மேல்கோடு எரியாது. 9-க்கு அடிக்கோடு இருக்காது. பழுது ஒன்றுமில்லை, 7447 டீகோடர் ஐ.சி.யின் அமைப்பே அப்படி. வால் வைத்த 6 வேண்டுமென்றால் 74247 என்ற வேறு ஐ.சி. வாங்க வேண்டும்.

அன்று கவுன்டர் செய்வது முழுக்கக் கம்பி வேலை. ஓர் இலக்கத்துக்கு எண்ணுவதற்கு ஒரு 7490, ஒரு 7447, ஒரு செவன் செக்மென்ட் டிஸ்பிளே, ஏழு ரெசிஸ்டர். நான்கு இலக்கம் என்றால் ரெசிஸ்டர் மட்டுமே 28. அதிலும் 7490 பிடிவாதக்காரன். பெரும்பாலான ஐ.சி.கள் மூலைக் கால்களில் மின்சாரம் வாங்கும். இதற்கு 5-ஆம் காலில் 5 வோல்ட், 10-ஆம் காலில் கிரவுண்ட். 2, 3-ஆம் கால்களை கிரவுண்டில் சேர்க்க மறந்தால் 0-விலேயே உட்கார்ந்துவிடும். 6, 7-ஐ மறந்தால் 9-ஐ விட்டு நகராது. பத்துக்குப் பதில் ஆறில் திரும்ப வேண்டுமா? கம்பியைப் பிடுங்கி மாற்று.

1980-இல் இன்டெலின் 8051 மைக்ரோகன்ட்ரோலர் குடும்பம் வந்ததும் கம்பியின் வேலையில் பாதி நிரலுக்குப் போனது. ஆனால் அக்குடும்பத்தின் 8751-இல் ஒரு வரி தப்பினால், சிப்பின் தலையிலுள்ள கண்ணாடிச் சன்னல் வழியாகப் புற ஊதா ஒளி காட்டி, கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து அழிக்க வேண்டும். பின்னால் வந்த அட்மெலின் ஏடி89சி51 மின்சாரத்திலேயே அழிந்தது.

மல்டிபிளெக்சிங் அந்தக் காலத்தில்தான் மாணவர் கைக்குப் பழகியது. நான்கு இலக்கமும் ஒன்றாக எரிவதில்லை. ஒவ்வொன்றையும் சில மில்லிவினாடி எரியவிட்டுச் சிப் சுற்றி வருகிறது. அந்த வேகத்தில் நம் கண் ஏமாந்துபோகிறது. ரெசிஸ்டர் 28-லிருந்து 7-க்கு இறங்கியதும் இதனால்தான்.

2005-இல் இத்தாலியில் ஆர்டுயினோ போர்டு பிறந்தது. இன்று அதோடு இணைக்கும் டிஎம்1637 டிஸ்பிளே மாட்யூலுக்கு மின்சாரம் போக இரண்டே கம்பி போதும். சுற்றி வரும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். 6-க்கு வால் வேண்டுமா என்பதும் நம் விருப்பம்: நிரலில் ஹெக்ஸ் எண்ணாக 7டி என்று எழுதினால் உண்டு, 7சி என்றால் இல்லை. ஆறில் திரும்புவதற்கு ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

மாறாதது பொத்தான். ஒருமுறை அழுத்தினாலும் உள்ளே தகடு துள்ளித் துள்ளித்தான் ஒட்டும். ஒன்றுக்குப் பதில் மூன்று, நான்கு ஏறும். அன்று இரண்டு நாண்ட் கேட்களால் அடக்கினார்கள், இன்று 20 மில்லிவினாடி பொறுத்து மறுபடி பார்க்கச் சொல்கிறோம். புதுத் தொல்லையும் உண்டு: ஆர்டுயினோ ஊனோ போர்டில் சாதாரண முழு எண் மாறியில் எண்ணினால் 32767-க்கு அடுத்தது மைனஸ் 32768.

கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு மாட்யூலும் லைப்ரரியும் வாங்கப் போகிறவர்களே, முதல் கவுன்டரை அவை இல்லாமல் செய்யுங்கள். எந்த எண்ணுக்கு எந்தக் கோடு என்ற பட்டியலை நீங்களே எழுதுங்கள். மாட்யூலை இரண்டாவது கவுன்டருக்கு வாங்கிக்கொள்ளலாம்.