சர்ஃபிங் போகணுமா? முதல்ல உங்க தோள்பட்டையைக் கேளுங்க!

கோவளம், மாமல்லபுரம் பக்கம் எடுத்த சர்ஃபிங் ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. அலை மேல ஒருத்தர் ஜம்முனு நிப்பார், பின்னணியில பாட்டு ஓடும், 15 விநாடியில வீடியோ முடிஞ்சிடும். 'அடுத்த வீக்எண்டு நாமளும் போயிடலாமே'ன்னு தோணும். தாராளமா போங்க. ஆனா, ரீல்ஸில் காட்டாத ஒரு பகுதி இருக்கு. உடம்பைத் தயார் பண்ண வேண்டியது அதுக்குத்தான்.

நிற்பது கொஞ்சம், துழாவுவது நிறைய!

சர்ஃபர்கள் கடலில் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று விளையாட்டு ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஏறக்குறைய பாதி நேரம், போர்டில் குப்புறப் படுத்து இரு கைகளாலும் தண்ணீரைத் துழாவுவதிலேயே போகிறது. இதைத்தான் 'பேடிலிங்' என்கிறார்கள். மீதியில் பெரும்பகுதி, நல்ல அலைக்காகக் காத்திருப்பது. அலை மேல் நிற்கும் நேரம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

அதனால், 'கால் ஸ்ட்ராங்கா இருந்தா போதும்'னு நினைச்சுப் போனால், முதலில் கைவிடுவது கைகள்தான். கொஞ்ச நேரத்திலேயே தோள் கனக்கும், முதுகு இழுக்கும். இது வெறும் அசதி விஷயம் இல்லை. கரைக்குத் திரும்புவதற்கும் அதே கைகள்தானே வேண்டும்?

கோவளத்தில் சர்ஃபிங்கை வளர்த்த மூர்த்தி மேகவன், மீனவக் குடும்பத்திலிருந்து வந்தவர். கடலோரப் பசங்க சின்ன வயசிலேயே நீந்துவார்கள், வலை இழுப்பார்கள். பேடிலிங்குக்கு வேண்டிய தோளும் முதுகும் அந்த வேலையிலேயே உருவாகிவிடும். லேப்டாப் முன்னாடி கூன் போட்டு உட்காரும் நாமதான் அதைத் தனியாகப் பழக வேண்டும்.

முதல் டெஸ்ட்: நீச்சல்

25 மீட்டர் நீச்சல் குளத்தில் நிற்காமல் 8 முறை, அதாவது 200 மீட்டர் நீந்த முடிகிறதா? முடியவில்லை என்றால் முதல் மாதம் அதற்கே போகட்டும். ஃப்ரீஸ்டைல்தான் பேடிலிங்குக்கு நெருங்கிய சொந்தம்.

வீட்டிலேயே செய்யலாம்

சலபாசனம்: குப்புறப் படுத்து நெஞ்சையும் கால்களையும் தூக்குங்கள். 10 முதல் 20 விநாடி, 5 முறை. பேடில் பண்ணும்போது உடம்பு கிட்டத்தட்ட இதே நிலையில்தான் இருக்கும்.

ரப்பர் பேண்டு: கதவுப் பிடியில் இறுக்கமாகக் கட்டி, முழங்கையைப் பின்னால் கொண்டுபோய் இழுங்கள். 12 முறை, 3 செட். தோள்பட்டைக் காயத்தைத் தவிர்க்க இது உதவும்.

தண்டால்: 8 முதல் 10, 3 செட். படுத்த நிலையிலிருந்து ஒரே மூச்சில் எழும் பலம் இதில்தான் வரும்.

பாப்-அப்: தரையில் சாக்பீஸால் ஒரு நேர்க்கோடு போடுங்கள். அதுதான் போர்டின் நடுக்கோடு. அதன்மேல் படுத்து, கைகளை ஊன்றி, முட்டி தரையில் படாமல் துள்ளி எழுந்து, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நில்லுங்கள். இரண்டு பாதமும் கோட்டின் மேல் இருக்கா? இருந்தா பாஸ்!

பஸ்கி, பிளாங்க்: பஸ்கி 15, பிளாங்க் 30 விநாடி, தலா 3 செட். பேலன்ஸுக்கு, காலையில் பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள். ஜிம் ஃபீஸ் மிச்சம்!

வாரத்துக்கு 3 நாள், அரை மணி நேரம் போதும். நடுவில் ஒருநாள் ஓய்வு கட்டாயம். 6 முதல் 8 வாரம் செய்தால் வித்தியாசம் தெரியும். ஏற்கெனவே தோள் விலகியவர்கள், தோள் வலி உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

இதை மட்டும் செய்யாதீங்க

யூடியூப் பார்த்துவிட்டு, தனியாகக் குளத்தில் மூச்சடக்கிப் பழகவே கூடாது. வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு மூழ்கினால், ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைந்துவிடும். மூச்சு விடச் சொல்லி உடம்பை உந்துவது அதுதான். அந்த எச்சரிக்கை மணி அடிப்பதற்குள், ஆக்ஸிஜன் குறைந்து மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்துபவர்களும் இப்படி உயிரிழந்திருக்கிறார்கள்.

கடலில் இறங்கும் நாள்

கனமான சாப்பாட்டை 2 மணி நேரம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். தோள், இடுப்புக்கு 10 நிமிடம் வார்ம்-அப். போர்டையும் காலையும் இணைக்கும் கயிற்றை மாட்டாமல், பயிற்சியாளர் இல்லாமல் இறங்க வேண்டாம்.

நீரோட்டம் உள்ளே இழுத்தால், எதிர்த்துப் போராடி கையின் பலத்தைத் தீர்த்துவிடாதீர்கள். போர்டு மிதக்கும். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கி உதவி கேளுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாக பேடில் பண்ணி நீரோட்டத்திலிருந்து விலகி, பிறகு கரைக்குத் திரும்புங்கள்.

கடைசியா ஒண்ணு. கை முழுசா சோர்ந்த பிறகு, 'இன்னும் ஒரே ஒரு அலை'ன்னு ஆசைப்படாதீங்க. திரும்பி வர பலம் மிச்சம் இருக்கும்போதே கரையேறுங்க. அலை நாளைக்கும் வரும்!