டோக்கியோவில் வழி தவறினால்?

பீளமேடு விமான நிலையத்தில் ஏறினால் சுமார் 4 மணி நேரத்தில் சிங்கப்பூர். அங்கே விமானம் மாறினால், பறப்பது இன்னும் 7 மணி நேரம். டோக்கியோ வந்துவிடும்! பம்பு செட் வியாபாரிகளும், மில் காரர்களும், மகனைப் பார்க்கப் புறப்படும் பெற்றோரும் இப்படித்தான் போய் வருகிறார்கள்.

1930-களில் கோட்டையூர் ஏ. கே. செட்டியார் டோக்கியோவுக்குப் போய்ப் புகைப்படக் கலை படித்தார். ஜப்பானைப் பற்றித் தமிழில் புத்தகமும் எழுதினார். பிற்பாடு காந்தியடிகளைப் பற்றிப் படம் எடுத்தவர் இவர்தான். அக்காலத்தில் கப்பலில் பல நாட்கள் போக வேண்டும். இப்பொழுது பயணம் சுருங்கிவிட்டது. ஆனால் ஊருக்குள் இறங்கியதும் வரும் திகைப்பு குறையவில்லை!

நரிட்டா விமான நிலையத்திலிருந்து டோக்கியோ நகரம் 60 கிலோமீட்டருக்கு மேல். கோவையிலிருந்து பொள்ளாச்சியை விடத் தூரம். கைக்கடிகாரத்தை மூன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள்.

200 வாசல்கள்

ஷிஞ்சுகு என்று ஒரு ரயில் நிலையம். நாள்தோறும் சுமார் 30 லட்சம் பேர் வந்து போகிறார்கள். 2011 கணக்குப்படி கோவை மாவட்டத்தின் மக்கள் தொகையே சுமார் 34 லட்சம்தான். கிட்டத்தட்ட ஒரு மாவட்டமே தினமும் ஒரு நிலையத்தின் வழியாக நடக்கிறது! வாசல்கள் 200-க்கு மேல். தவறான வாசலில் வெளியே வந்தால், போக வேண்டிய இடத்துக்கு அரை மணி நேரம் சுற்ற வேண்டியிருக்கும்.

ஆகையால் நிலையத்தின் பெயரோடு வாசலின் பெயரையும் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். குடும்பத்தோடு போகிறவர்கள், கூட்டத்தில் பிரிந்தால் எந்த வாசலில் நிற்பது என்று முதலிலேயே பேசி வைப்பது நல்லது.

தெருவுக்குப் பெயர் இல்லை

நம் ஊரில் அவிநாசி சாலை என்றால் போதும். அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. வட்டாரத்தின் பெயர், அதில் பகுதி எண், பிறகு மனைத்தொகுதி எண், கடைசியில் கட்டட எண். இதுதான் விலாசம். 5-ம் எண் வீட்டுக்குப் பக்கத்தில் 6-ம் எண் இருக்கும் என்றும் நம்ப முடியாது. பல இடங்களில் வீடு கட்டிய வரிசைப்படி எண் கொடுத்திருக்கிறார்கள்!

பயப்பட வேண்டாம். பல வட்டாரங்களில் சிறு போலீஸ் சாவடி இருக்கிறது. பெயர் "கோபான்". வழி சொல்வது அந்தப் போலீஸ்காரர்களின் முக்கிய வேலைகளில் ஒன்று. விலாசத்தை ஜப்பானிய எழுத்தில் எழுதி வாங்கிக் கொண்டு போய்க் காட்டினால், வரைபடத்தை விரித்து வழி காட்டுவார்கள். குடையோ, பணப்பையோ தொலைந்தாலும் அங்கேயே சொல்லலாம். கண்டெடுத்தவர்கள் கொண்டு வந்து கொடுப்பது அந்த ஊர் வழக்கம்.

சைவமா? கேளுங்கள்!

பெரிய சங்கடம் சாப்பாட்டில்தான். மேசைக்கு வரும் சூப்பில் மீன் துண்டு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதன் சாறு "தாஷி". சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டை மாதிரி காயவைத்துச் சீவி, கொதிநீரில் போட்டு எடுப்பார்கள். சேமியா போன்ற நூடுல்ஸ் சாற்றிலும், காய்கறிக் கூட்டிலும்கூட இது சேரும். "மீன் இல்லை" என்று பரிமாறுகிறவர் சொல்வது பொய் அல்ல. அவர் நினைப்பது துண்டை. நாம் கேட்பது சாற்றை!

விரதம் தவறாத பாட்டியை அழைத்துப் போகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். புத்த மடங்களின் "ஷோஜின்" சமையலில் மீன் சாறு கிடையாது. கடற்பாசியும் காளானும்தான். கிழக்கு டோக்கியோவில் நிஷி-கசாய் வட்டாரத்தில் நம் நாட்டவர் நிறையப் பேர் வசிக்கிறார்கள். இந்தியச் சாப்பாடு கிடைக்கும். பருப்புப் பொடி கைவசம் இருந்தால், வெறும் சோறு வாங்கிச் சமாளிக்கலாம். பச்சைக் கறிவேப்பிலையை மட்டும் சான்றிதழ் இல்லாமல் கொண்டு போக முடியாது.

கடையில் சொல்ல ஒரு வாக்கியம்: "நிகு மோ, சகானா மோ, தபேமாசென்." "இறைச்சியும், மீனும் சாப்பிடுவதில்லை" என்று பொருள். கவனித்தீர்களா? "மோ" நமது "உம்" நிற்கும் இடத்தில் நிற்கிறது. வினையும் தமிழைப் போலவே கடைசியில் வருகிறது. டோக்கியோ பேராசிரியர் சுசுமு ஓனோ, தமிழுக்கும் ஜப்பான் மொழிக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதாடினார். 2008-ல் காலமானார். மொழி அறிஞர்கள் பலர் அவர் கூற்றை ஒப்பவில்லை. ஒப்பினாலும் ஒப்பாவிட்டாலும், அந்த வாக்கியம் நம்மவர் நாவில் சுலபமாகப் படியும். பெயரோடு "சான்" சேர்ப்பது அங்கே மரியாதை. பேச்சுக்குப் பேச்சு "ங்க" போடும் கொங்கு நாட்டாருக்கு இதுவும் சிரமம் இல்லீங்க!

கடைசி ரயில்

இரவெல்லாம் ரயில் ஓடும் என்று நினைத்து விடாதீர்கள். நள்ளிரவை ஒட்டி நின்று விடும். பிறகு காலை 5 மணிவாக்கில்தான். தவறவிட்டால் டாக்சிதான் கதி. இரவு 10 மணிக்கு மேல் கட்டணமும் கூடுதல். டாக்சியின் பின்கதவை நீங்கள் இழுக்க வேண்டாம். ஓட்டுநரே உட்கார்ந்த இடத்திலிருந்து திறப்பார். இறங்கிய பிறகு அவரே சாத்திக் கொள்வார்.