பூனையின் கண்ணிமையில் ஆறாத புண்: எதுவரை காத்திருக்கலாம்?

பூனையின் கண்ணோரத்தில் சிறு புண் தென்பட்டால், வேறொரு பூனையுடன் போட்ட சண்டையில் விழுந்த கீறல் என்றே பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் கீறல் சில நாள்களில் ஆறத் தொடங்கிவிடும். இரண்டு வாரங்களாகியும் ஆறாத புண், பொருக்கு உதிர்ந்த இடத்தில் மீண்டும் மீண்டும் உருவாகும் பொருக்கு, மெல்ல வளரும் முடிச்சு ஆகியவற்றைக் கீறல் என்று கருதி விட்டுவிடக் கூடாது.

நாய்களின் இமையில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. பூனைகளில் நிலைமை இதற்கு நேர்மாறானது. அவற்றின் இமைக்கட்டிகளில் பெரும்பகுதி புற்றுநோயாகவே இருக்கிறது. ஆகவே, முன்பு வளர்த்த நாய்க்கு வந்த இமைக்கட்டி எந்தத் தீங்கும் செய்யவில்லை என்ற அனுபவத்தைக் கொண்டு பூனையின் கட்டியை மதிப்பிடுதல் பொருந்தாது.

இவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது செதிள் செல் புற்றுநோய். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் இதற்கு முக்கியக் காரணம். இமையோரத்தில் நிறமியற்ற வெளிர் தோலும் வெண்ணிற உரோமமும் கொண்ட பூனைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். மூக்கு நுனியிலும் காது நுனியிலும் இதே நோய் தோன்றுவதுண்டு. தொடக்கத்தில் இமையோரம் சிவக்கும், உரோமம் உதிரும், மெல்லிய பொருக்குக் கட்டும். பின்னர் அவ்விடம் புண்ணாகி, இமையின் விளிம்பு அரித்ததுபோல் குறையும். கட்டி என்றால் புடைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்தக் குழிந்த புண்ணைக் கவனியாது விட்டுவிடுகின்றனர். இந்நோய் சுற்றியுள்ள திசுக்களை ஊடுருவி அழிக்கும். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவுவது பெரும்பாலும் தாமதமாகவே நிகழும். எனவே சிறிதாக இருக்கும்போதே அகற்றினால் முழுமையாகக் குணமாகும் வாய்ப்பு நன்றாகவே உள்ளது.

எல்லாக் கட்டிகளும் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. மாஸ்ட் செல் கட்டியும் இமையில் தோன்றலாம். பாரசீகப் பூனைகளின் இமையில் கருமையாகத் தெரியும், நீர் நிறைந்த சிறு பைகள் தீங்கற்றவை. வெளித்தோற்றத்தைக் கொண்டு இவற்றை உறுதியாக வேறுபடுத்த இயலாது. மெல்லிய ஊசியால் செல்களை எடுத்தோ, சிறு திசுத் துண்டை வெட்டியெடுத்தோ பரிசோதிப்பதே முடிவைத் தரும்.

கண்குழிக்குள் வளரும் கட்டி வெளியே தெரிவதில்லை. அதன் விளைவுகளே தெரியும். ஒரு கண் மட்டும் மெல்ல முன்தள்ளும், அல்லது ஒருபுறமாக விலகி நிற்கும். கண்ணின் உள்மூலையிலுள்ள மூன்றாம் இமை மேலெழுந்து விழியை மறைக்கும். இமைகள் முழுமையாக மூடாமையால் கருவிழி உலர்ந்து புண்ணாகும். கண்ணுக்குப் பின்னால் சீழ் கட்டினாலும் கண் முன்தள்ளும். ஆயினும் அது பெரும்பாலும் ஓரிரு நாள்களில் திடீரென்று நேரும், காய்ச்சல் இருக்கும், வாயைத் திறந்தால் பூனை வலியால் துடிக்கும். கட்டியோ வாரக்கணக்கில் வளரும். பூனைகளின் கண்குழிக் கட்டிகளும் பெரும்பாலும் புற்றுநோயே. சில கட்டிகள் மூக்கிலோ வாயிலோ தொடங்கிக் கண்குழியை அடைந்தவையாக இருக்கும். அதனால்தான் சி.டி. ஸ்கேன் எடுக்கப் பரிந்துரைக்கிறோம்.

இமையிலுள்ள சிறு கட்டியைச் சுற்றியுள்ள நல்ல திசுவில் சிறிதளவையும் சேர்த்து வெட்டியெடுத்து, இமையைச் சீரமைக்கலாம். தகுந்த நிலையில் கட்டியைக் குளிரால் உறையவைத்து அழிக்கும் முறையும், கதிர்வீச்சும் உதவும். கட்டி பெரிதாகிவிட்டால் கண்ணையே அகற்ற நேரிடும். நிணநீர்த் திசுப் புற்றுநோயாயின் மருந்துச் சிகிச்சையே முதன்மையானது. கண்குழி எலும்பையும் கடந்து பரவிய நோயைப் பல நேரங்களில் குணப்படுத்த இயலாது. அந்நிலையில் வலியின்றி வைத்திருப்பதே சிகிச்சையின் நோக்கமாகிறது. அதை உங்களிடம் மறைக்காமல் சொல்வது எங்கள் கடமை.

கண்ணை அகற்ற வேண்டும் என்றதும் குடும்பத்தினர் கலங்குவது இயல்பே. ஆனால் ஒற்றைக் கண்ணுடன் வாழப் பூனைகள் விரைவில் பழகிவிடுகின்றன. காதும் மீசை உரோமங்களும் அவற்றுக்குத் துணை நிற்கின்றன. நாள்பட்ட வலி நீங்கியதும் நன்றாக உண்டு, மீண்டும் விளையாடத் தொடங்கும் பூனைகள் பல.

வீட்டில் சிலவற்றைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும். மனிதர்களின் தோல் புற்றுக்குத் தரப்படும் ஃபுளூரோயுராசில் களிம்பும் பூனைக்குக் கொடிய நஞ்சு. மனிதர்களுக்கான வெயில் தடுப்புக் களிம்புகளைத் தடவினால் பூனை நக்கி விழுங்கிவிடும்; அவற்றிலுள்ள துத்தநாகமும் சாலிசிலேட்டும் தீங்கு செய்யும். வெளிர் தோலுள்ள பூனையை நண்பகல் வெயிலில் படுக்கவிடாமல் நிழலில் வைத்திருப்பதே பாதுகாப்பான வழி.

வாரம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் இரு கண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இமையில் ஐயமிருந்தால் கைப்பேசியில் படம் எடுத்துத் தேதியுடன் வைத்திருங்கள். மாற்றத்தை அறிய எங்களுக்கு அது உதவும். புண் இரண்டு வாரங்களில் ஆறாவிட்டால் அழைத்து வாருங்கள். கண் முன்தள்ளியிருந்தாலோ இமை மூடாவிட்டாலோ அன்றே வந்துவிடுங்கள்.